காலையில் ஒன்று

…பதினாலாம் நம்பர் உள்ளே போயாயிற்று, இன்னும் இரண்டு பேர், அதற்குள் என்ன சொல்வது என்று தீர்மானித்துவிட வேண்டும், தினமும் மாத்திரை போடுகிறீர்களா என்று டாக்டர் கேட்பார், போன தடவையும் கேட்டார், அதற்கு முந்தின தடவையும் கேட்டார், இரண்டு தடவையும் "போடறேங்க டாக்டர்" என்று கூசாமல் சொன்ன வாய்தானே இது, இன்றைக்கு மட்டும் அதற்கு என்ன கேடு என்று ராணியம்மாள் தன்னையே அதட்டிக்கொண்டாள். பெஞ்சில் இருந்தபடியே குனிந்து கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. நிரம்புகிறதா பார்ப்போம், ஒன்று, இரண்டு, மூன்று… எண்ணிக்கொண்டே இருப்பது வாத்தியார் வேலையின் பழக்கதோஷம்… பதினெட்டு வரை எண்ணியும் குழி அப்படியே இருந்தது. கால் பொய் சொல்லாது, அதற்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

அதியமான்கோட்டையைத் தாண்டி அவள் வேலை பார்க்கும் பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வாத்தியார்கள், அதில் அவள் ஒருத்திதான் பெண். பையன்கள் வேலி ஓரம் போவார்கள், சார்கள் புளியமரத்துக்குப் பின்னால் போய் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வருவார்கள், அவள் எங்கே போவாள்? காலை எட்டு மணிக்குப் பஸ் ஏறினால் சாயங்காலம் நாலரைக்குத்தான் வீடு, அதுவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் ஒன்பது வருஷம் ஓட்டியாயிற்று. பிரஷர் வந்து, கால் வீங்கி, இந்த நீர் மாத்திரை வந்த பிறகுதான் வம்பு. முதல் வாரம் சொன்னபடி காலையில் போட்டுக்கொண்டு போனாள். ஏழாம் வாய்ப்பாடு நடக்கும்போதே அடிவயிறு முட்டியது, முழங்காலை முழங்காலோடு நெருக்கிக்கொண்டு ஏழெட்டு ஐம்பத்தாறு வரை நின்றாள், அப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாளின் எருமைக் கொட்டகைக்கு ஓடினாள். மூன்றாவது தடவை ஓடியபோது கோவிந்தம்மாள் ஊரே கேட்கும்படி, "என்னா டீச்சர், சக்கரை வியாதிங்களா?" என்றாள். போதுமடா சாமி. அன்றோடு பள்ளிக்கூட நாளில் மாத்திரை கிடையாது என்று முடிவாயிற்று. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் டப்பா கண்ணில் படும், ஆனால் சீட்டில் 'காலையில் ஒன்று' என்றல்லவா எழுதியிருக்கிறது, மணி அடித்த பிறகு வருகிற பையனுக்கு ஆஜர் போட முடியுமா? போன நாள் போனதுதான். ஆனால் நின்றுபோன பாடத்தைச் சனிக்கிழமை வகுப்பு வைத்து முடிக்கிறோமே, அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாகப் போட ஆரம்பித்தாள், எவ்வளவு புத்திசாலித்தனம்!

நேற்று மூன்று. போன வாரம் வீக்கம் அதிகம், அதனால் மூன்று. பதினோரு மணிக்குள் எட்டுத் தடவை பின்கட்டுக்கு நடந்தாள், நாக்கு அட்டை மாதிரி ஆகிவிட்டது, வாழைப்பழம், இளநீர் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னதெல்லாம் எங்கே ஞாபகம் வந்தது, அடுப்படியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள், கண் இருட்டியது, கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது, அவ்வளவுதான் தெரியும். பாலக்கோடு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்துவிட்டு ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருகிற புருஷன் சென்றாயன்தான் தூக்கி உட்காரவைத்தார். "என்னா ராணி, இந்த மாத்திரையே உனக்கு ஒத்துக்கல போல." மாத்திரை பாவம், அது என்ன செய்யும்? நல்லவேளையாக அடுப்பு அணைந்திருந்தது. டாக்டர் முதலில் அரை மாத்திரை கொடுத்தார், வீக்கம் வற்றவில்லை என்று ஒன்றாக்கினார், இன்றைக்குக் கால் வீக்கத்தைப் பார்த்ததும் இரண்டாக்குவார், சொல்லாமல் வந்துவிட்டால் அடுத்த ஞாயிறு ஆறாகும், அப்போது அடுப்பு எரிந்துகொண்டிருந்தால்? சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் அந்த டாக்டருக்கு அவள் மகன் வயசு, அவரிடம் போய் ஒன்றுக்கு இருக்க இடமில்லை என்று எப்படி ஆரம்பிப்பது… அதைவிட, இரண்டு தடவை பொய் சொன்னேன் என்று எப்படி…

பக்கத்தில் உட்கார்ந்திருந்த புளிமண்டிக்காரர் வீட்டு ரஹமத் பீவிக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. "உங்களுக்கும் நீர் மாத்திரைங்களா டீச்சரம்மா? அல்லாவே, நான் அதப் போட்டா மதியம் வரைக்கும் வூட்ட வுட்டு நவுறமாட்டேன். உப்பு ஆவாதுங்கறாரு. போன தடவ கருவாடு தின்னேன்னு சொன்னேன், நல்லாத் திட்டுனாரு. திட்டுனா திட்டிட்டுப் போறாரு, நம்ம ஒடம்புதானுங்களே?" என்று சிரித்தபடி உள்ளே போனாள். உள்ளிருந்து திட்டு கேட்டது, சிரிப்பும் கேட்டது. ராணியம்மாளுக்குப் பொறாமையாக இருந்தது. இருபது வருஷமாகத் திட்டிப் பழகியவள், திட்டு வாங்கிப் பழக்கமில்லை.

டாக்டர் பிரஷர் பார்த்தார், காலை அழுத்தினார், முகம் சுளித்தார். "தினமும் போடறீங்களா?" "போடறேங்க." பார், வந்துவிட்டது, நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. "அப்ப ரெண்டாக்கிடலாம்," என்று பேனாவைத் திறந்தார். ரெண்டு, அதை மூன்றால் பெருக்கினால் ஆறு… "எங்க ஸ்கூல்ல கக்கூஸ் இல்லீங்க டாக்டர்," என்றாள். பேனா நின்றது. அதன் பிறகு எருமைக் கொட்டகை, ஞாயிற்றுக்கிழமை, மூன்று மாத்திரை, விழுந்தது எல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. டாக்டர் திட்டவில்லை. அவளை எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பிரஷர் பார்த்தார். "ஸ்கூல் விட்டு வீட்டுக்கு எப்ப வருவீங்க?" "நாலரைக்குங்க." "அப்ப வந்ததும் போடுங்க, ஒண்ணே ஒண்ணு. படுக்கறதுக்குள்ள எல்லாம் போயிடும். ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா விட்டதுதான், சேத்துப் போடவே கூடாது, உயிருக்கே ஆபத்து. இன்னிக்கு மாத்திரை வேண்டாம். ரத்தத்துல உப்புச் சத்து எப்படியிருக்குன்னு சேலத்துல பாத்துட்டு வாங்க, அதுக்கப்புறம் ஆரம்பிக்கலாம்." காலையில் என்பதை அடித்துவிட்டு மாலை என்று எழுதினார், அரை நிமிஷம் ஆகியிருக்காது.

வெளியே வெயிலில் வந்து நின்றபோது நிம்மதி வரும் என்று பார்த்தாள், வந்ததோ கோபம். இவ்வளவுதானா? ஒரு வார்த்தையை அடித்து எழுதுகிற விஷயமா? இதற்கா இத்தனை மாதம் வீங்கிய காலோடு நடந்தேன், இதற்கா விழுந்தேன்? டாக்டர் மேல் கோபப்படலாம் என்றால் அவர் என்ன செய்வார், மாற்ற முடியுமா என்று யார் அவரைக் கேட்டது? எதையும் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்று இருக்கிறோம்… பள்ளிக்கூடத்திலும் அப்படித்தானே, ஒரு ஓலைத் தடுப்பு, நாலு மூங்கில், அதற்கு மேல் வேண்டாம், ஆனால் ஹெட்மாஸ்டர் பச்சியப்பன் சார்தான் முடியாது என்று… எப்போது சொன்னார்? பஸ் வந்து நின்றது, ஏறாமல் யோசித்தாள். அவர் சொன்னதாக ஒரு நாளும் நினைவில்லை, அவரிடம் போய் நின்றதாகவே நினைவில்லை. அப்படியானால் ஒன்பது வருஷமாகக் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிற "அதெல்லாம் ஆவாதுங்க டீச்சர்" யாருடைய குரல்? பச்சியப்பன் சாருக்குக் கட்டைக் குரல். இது மெல்லிசாக, வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற பொம்பளைக் குரலாக இருந்தது.