பிழைத்த செய்தி

1

இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்த இடத்தில் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "என் பையன் என்னமோ அனுப்பியிருக்கான், கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்" என்றார். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தேன்: "நாயை அத்தை வீட்டில் கொன்றுவிட்டேன்."

அந்த அம்மாளின் முகம் தொங்கிப்போனது. கைபேசியை வாங்கித் தன் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு, "அட, கொண்டுவிட்டேன்னு எழுத வந்திருப்பான். அவன் எழுத்து அப்படித்தான்" என்று சொல்லி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்த நேரமெல்லாம் அந்த முகம்தான் நினைவில். தொங்கியதற்கும் சிரித்ததற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருந்ததே, அதற்குள் ஒருத்தி அரை நாள் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் யாரும் சாகப்போவதில்லை. முதலில் எழுதிய படியில் ஒருவனைச் சாகடித்தேன். அதன்பிறகு சோறு இறங்கவில்லை. எடுத்துவிட்டேன்.

2

தொடங்கிப் பார்த்த வரிகள்:

மொழி என்பது ஒரு சமூகத்தின்

(வேண்டாம். இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்கமாட்டேன்.)

கைபேசியில் நாலு வார்த்தை எழுதுவதற்கு இலக்கணம் தேவையா என்று கேட்டால், தேவை என்பவர்களும் தேவையில்லை என்பவர்களும்

(இது மேடைப் பேச்சு. மாலை போட்டு இறக்கிவிடுவார்கள்.)

புள்ளி அன்று காலை அலுவலகத்தில் ஒரு தாளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

இது பரவாயில்லை. புள்ளி என்பது வீட்டார் வைத்த பெயர். மருந்துப் பெட்டிக்குள் எறும்பு எழுத்தில் ஒரு தாளை மடித்து வைத்திருப்பார்களே, நாம் பிரித்ததும் குப்பையில் போடுவோமே, அந்தத் தாளில் பிழை இல்லாமல் பார்ப்பது அவள் வேலை. 'உணவுக்கு முன்' என்பது 'உணவுக்குப் பின்' ஆகிவிட்டால் யாருக்காவது வயிறு புண்ணாகும். அந்தப் பயத்தோடு நாளெல்லாம் படித்துப் படித்து, வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்குக் கண் அணைவதில்லை. குடும்பக் குழுவில் யார் எழுதினாலும் ஒரு நட்சத்திரக் குறி போட்டுத் திருத்துவாள். மெய்யெழுத்தில் புள்ளி விட்டுப்போனால்கூட விடமாட்டாள். பெயர் அப்படி வந்ததுதான்.

அதிகம் திருத்தம் வாங்கியவள் அவள் தம்பியின் மனைவி. தையல்காரி, வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டுத் தைக்கிறாள். "புது துனி வந்திருக்கு, அலவு எடுக்க வரலாம்" என்று குழுவில் போடுவாள். கீழே உடனே வரும்: *துணி. *அளவு.

ஒருநாள் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, அவ குரூப்ல எழுதுறதையே விட்டுட்டா, கவனிச்சியா?"

"நல்லதுக்குத்தானேடா சொன்னேன்."

"நாள் பூரா துணியிலேயே கிடக்கிறவ. அவளுக்குப் போய் துணிக்கு எந்த 'ன'ன்னு சொல்லிக் குடுக்கிறியே. அவ எழுதினது யாருக்காவது புரியாமப் போச்சா?"

"என் வேலையில ஒரு எழுத்து மாறினா ஆள் போயிடும்டா."

"நம்ம குரூப் என்ன மருந்துப் பெட்டியா?"

புள்ளி அன்றிலிருந்து திருத்துவதை நிறுத்தினாள். ஆனால் தையல்காரி திரும்பி வரவில்லை. யார் எதைச் சொன்னாலும் ஒரு கட்டைவிரல் படம், நல்ல நாள் என்றால் ஒரு பூப்படம். அவ்வளவோடு சரி.

(இதை எழுதும்போது நான் முழுக்கத் தம்பியின் கட்சி. அடுத்த பகுதியில் கட்சி மாறுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

3

தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவன். முதுகுத் தண்டில் வட்டு விலகி, இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரு கால் முழுக்க வலி. நிற்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல், கடைசியில் அறுவை சிகிச்சை. நல்லபடியாக முடிந்தது என்று தையல்காரி போனில் சொன்னாள். மறுநாள் பெரிய டாக்டர் வந்து பார்ப்பாராம். புள்ளி வாரக் கடைசியில் வருவதாகச் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரி வேறு ஊரில், பஸ்ஸில் பாதி நாள் பயணம்.

அந்த மறுநாள் காலைதான் புள்ளி தாளைப் படித்துக்கொண்டிருந்தது. கைபேசி மேசையில் அதிர்ந்தது. குடும்பக் குழுவில் தையல்காரி எழுதியிருந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, படம் இல்லாமல், எழுத்தாக.

"டாக்டர் வந்து பார்த்தார். இனிமேல் வழி இல்லை. யாரும் கவலபட வேண்டாம்."

புள்ளி முதலில் பார்த்தது 'கவலபட' என்பதை. ஐயும் இல்லை, ஒற்றும் இல்லை. அதைப் பார்த்த தன் கண்ணைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது அவளுக்கு. ஏனென்றால், அதற்குள் நடு வாக்கியம் மனதுக்குள் இறங்கிவிட்டது.

இனிமேல் வழி இல்லை.

(நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு நான் முன்பே சொல்லிவிட்டேன், அதனால் சிரிக்க முடிகிறது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை.)

தையல்காரியைக் கூப்பிட்டாள். கைபேசி அணைந்து கிடந்தது. தம்பியைக் கூப்பிட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. ஆஸ்பத்திரி எண்ணில் ஒரு பதிவுக் குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று இனிமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

மறுபடி குழுவைத் திறந்தாள். பதில்கள் வந்திருந்தன. மாமா கும்பிடும் கைகளைப் போட்டிருந்தார். சித்தி, "எல்லாம் கடவுள் செயல்" என்று எழுதியிருந்தாள். சித்தப்பா மகன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தான்.

கட்டைவிரல்! இந்த நேரத்தில் கட்டைவிரல் தூக்குகிறான், படுபாவி.

மேலாளரிடம், "என் தம்பிக்கு" என்று தொடங்கினாள். மீதி வரவில்லை. அவர் எதுவும் கேட்காமல் அவள் பையை எடுத்துக் கையில் கொடுத்து, "கிளம்பும்மா" என்றார்.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம்.

ஒரு நாளைக்கு நூறு பிழை பிடிப்பவளுக்கு இந்த ஒரு பிழை தெரியாதா? லகரமும் ழகரமும் இடம் மாறுவதை அவள் எத்தனை முறை பார்த்திருப்பாள்? கதைக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக ஒருத்தியை முட்டாளாக்கலாமா? எழுதுவதை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

விடை தையல்காரியிடம் இருந்தது. அவள் எழுத்தில் ழ கிடையாது. வாழைப்பழம் அவள் கையில் 'வாலபலம்'தான். ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே ல. அவள் மெஷினில் எல்லாத் துணிக்கும் ஒரே ஊசி மாதிரி. ஆகவே அவள் ஒரு ழ போட்டிருக்கிறாள் என்றால், தெரிந்துதான் போட்டிருக்கிறாள், வேறு அர்த்தமே இல்லை என்று புள்ளி நம்பினாள். அவளைப் பிழையோடு நன்றாகத் தெரிந்திருந்ததால் வந்த நம்பிக்கை.

மாமாவும் சித்தியும் அப்படியெல்லாம் படிக்கவில்லை. வாய்க்குள் முணுமுணுத்தார்கள். வழி என்பதும் வலி என்பதும் அவர்கள் வாயில் ஒரே சத்தம்தான். வலி இல்லை என்றே காதில் விழுந்தது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்கள்.

(அப்படியானால் எழுத்துப் பிழை முக்கியமா இல்லையா? கேட்காதீர்கள். கட்சி மாறிக்கொண்டிருக்கிறேன்.)

இன்னொரு கேள்வியும் வரும். மாமாவையோ சித்தியையோ கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் பதில் வந்துவிடும். அது வரும்வரை நம்புவதற்குக் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் இருந்தவர்களுக்கு இது புரியும்.

5

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. முதலில் அவள், கால் போய்விட்டது என்றுதான் நினைத்தாள். இனி நடக்க வழி இல்லை. சரி, நடக்காவிட்டால் என்ன, உட்கார்ந்து செய்கிற வேலை எத்தனையோ இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் அவனுக்கு வீடு மாற்றினாள், வாசலில் படியை எடுத்துவிட்டுச் சரிவு கட்டினாள். ஊர் தாண்டியதும் நினைப்பும் தாண்டிப்போனது. கால் மட்டும் என்றால் கால் என்று எழுதியிருப்பாளே.

அதன்பிறகு அவள் சரிவு எதுவும் கட்டவில்லை.

கைபேசியை எடுத்துத் தையல்காரிக்கு எழுத ஆரம்பித்தாள்.

நீ என்ன சொல்கிறாய் என்று எனக்கு

அழித்தாள்.

அவனுக்கு நினைவு இருக்கிறதா? நான் வரும்வரை அவனை

அழித்தாள். பஸ் குலுங்கியது. கண்ணீர் மறைத்தது. கடைசியில் ஒன்றை எழுதி, படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பினாள்: "நான் வந்துட்டு இறுக்கேன். தைரியமா இரு."

ஆமாம், வல்லின ற. அவள் போட்டதுதான். திருத்தலாமா என்று எனக்கும் கை துறுதுறுத்தது. விட்டுவிட்டேன். அந்தச் செய்தியை அந்த நேரத்தில் அப்படித்தான் எழுத முடியும்.

6

இந்தப் பகுதியை எழுதத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன்.

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி. லிஃப்ட் கதவு திறந்ததும் நீளமான நடைக்கூடம், மருந்து வாசனை. அந்தக் கோடியிலிருந்து ஒருவன் நடந்து வந்துகொண்டிருந்தான். முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்ட ஆஸ்பத்திரி அங்கி, அலுமினியத் தாங்கி, பக்கத்தில் "நிமிர்ந்து, நிமிர்ந்து" என்று அதட்டிக்கொண்டு ஒரு பிசியோதெரபிஸ்ட். அவன் நிமிர்ந்தான்.

"அக்கா? நீ எங்க இங்க?"

புள்ளி சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் சரிந்தாள். அவன் தாங்கியைத் தட்டித் தட்டிக் கிட்டே வந்தான்.

"என்னக்கா, ஏன் அழுற?"

"கால்... வலிக்கலையா?"

"துளிகூட இல்ல. ஒரு வருஷமா இருந்த வலி, எங்க போச்சுன்னே தெரியல. டாக்டரே சொல்லிட்டாரு, இனிமே வலியே இல்லைன்னு. அவ குரூப்ல போட்டாளே, பார்க்கல?"

பார்த்தேன் என்று சொல்ல வாய் திறந்தாள். வலி. அந்தச் சொல் தலைக்குள் தன் இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாகக் கிளம்பி, விக்கல் மாதிரி ஒன்று வந்தது. அவன் அங்கியைப் பிடித்துக்கொண்டு, "நீ நட, நீ நட, நான் பார்க்கணும்" என்றாள்.

அவன் நடந்து காட்டினான்.

(இதை எழுதிவிட்டு நானும் எழுந்து போய் ஒரு டீ போட்டுக் குடித்தேன். அவனைச் சாகடித்த முதல் படியைத் துண்டு துண்டாகக் கிழித்தேன். தமிழில் பிழைத்தான் என்றால் தவறு செய்தான் என்றும் பொருள், உயிர் தப்பினான் என்றும் பொருள். இப்படி ஒரு சொல்லை வைத்துக்கொண்டா நாம் பிழை பிழை என்று பயந்துகொண்டிருக்கிறோம்?)

7

அவனைக் கட்டிலில் படுக்க வைத்த சற்று நேரத்தில் தையல்காரி வந்தாள், ஃபிளாஸ்க்கில் வெந்நீரோடு. புள்ளியைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"அண்ணி! வாரக் கடைசியிலதான வரேன்னு சொன்னீங்க?"

"உன் மெசேஜ் பார்த்தேன். இருக்க முடியல."

தையல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாரும் கட்டைவிரலைக் காட்டிட்டுப் போயிருப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் இதுக்குன்னு கிளம்பி வந்திருக்கீங்க." ஃபிளாஸ்க்கைக் கீழே வைக்கவும் மறந்து, ஒரு கையால் புள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை இப்படித் தன்னைப் பிடித்து எவ்வளவு நாளாயிற்று என்று புள்ளி நினைத்தாள்.

கட்டிலில் இருந்தவன் தன் கைபேசியில் குழுவைத் திறந்து படித்துக்கொண்டிருந்தான். ஓர் இடத்தில் அவன் விரல் நின்றது. மெல்ல அக்காவைப் பார்த்தான். அவள் சிவந்த கண்ணைப் பார்த்தான். மறுபடி கைபேசியைப் பார்த்தான். புரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

சுவரோரம் சார்ஜில் கிடந்த தையல்காரியின் கைபேசி அப்போதுதான் உயிர் வந்து சிணுங்கியது. எட்டி எடுத்தாள். பஸ்ஸிலிருந்து வந்த செய்தி. "நான் வந்துட்டு இருக்கேன், தைரியமா இரு" என்று சரளமாகப் படித்தாள். வல்லின ற அவள் கண்ணில் படவே இல்லை. படித்து முடித்ததும் நெற்றி சுருங்கியது.

"தைரியமா இருன்னு எதுக்கு அண்ணி போட்டிருக்கீங்க?"

கட்டிலில் இருந்தவன் போர்வையை வாய்வரை இழுத்துக்கொண்டான்.

"நான் எதுவும் தப்பா எழுதிட்டேனா? ரொம்ப நேரம் யோசிச்சுத்தான் அண்ணி போட்டேன். நீங்க படிப்பீங்களேன்னு. நான் எப்பவும் போடுற 'ல' தப்பாத்தான் இருக்கும்னு, அதை அழிச்சிட்டு மாத்தினேன். சரியாத்தானே இருந்துச்சு?"

இந்த இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன்.

புள்ளி உண்மையைச் சொல்வதாக ஒருமுறை எழுதினேன். சொல்லி முடித்ததும் தையல்காரியின் முகம் எப்படி இருந்தது என்று எழுத வந்தேன். வரவில்லை. பிடித்திருந்த கையை அவள் விட்டாளா, விடவில்லையா என்பது எனக்குத் தெரியவில்லை. சேர்ந்து சிரித்தாலும் சிரித்திருப்பாள்.

"எல்லாம் சரியாத்தாம்மா இருந்துச்சு" என்று சொல்வதாகவும் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அடுத்த முறை யாருக்காவது உண்மையிலேயே வலி வந்து, அவள் அதற்கும் நம்பிக்கையாக ழ போட்டு எழுதுவாளே என்று நினைத்ததும் அதையும் அடித்தேன்.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். புள்ளியின் கையைப் பிடித்தபடி அவள் நின்றுகொண்டிருக்கிறாள். நீங்களே சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் மெதுவாகச் சொல்லுங்கள். கட்டிலில் இருப்பவனுக்குத் தையல் புதுசு, சிரித்தால் பிரிந்துவிடும்.