இருமல் நீக்கிய குரல்

பாடப்புத்தகத்தில் சுரங்க வேலைநிறுத்தத்துக்கு ஒரே ஒரு பத்தி. மேற்கு வர்ஜீனியாவில், நிலக்கரிச் சுரங்கத்துக்கு எதிரிலேயே இருக்கும் பள்ளியில், அதை மட்டும் வைத்து அமெரிக்க வரலாறு நடத்த ரொவீனா ஸ்டில்ட்னருக்கு மனம் வரவில்லை. மாலைகளில் இணையத்தில் தேடினாள். பழைய செய்தித்தாள்கள், புகைப்படங்கள், யாரோ ஏற்றிவைத்த பாடக் குறிப்புகள். பெரும்பாலும் வேறு ஊர்களைப் பற்றியவை.

ஒரு சிறிய கல்லூரியின் தளத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் ஒலிப்பதிவுப் பேட்டிகள் இருந்தன. பெயர்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள் நின்றாள். ஹோபர்ட் ஸ்டில்ட்னர். அவளுடைய அப்பா.

அவர் இறந்தபோது அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் புகைப்படங்கள் இருந்தன. குரல் இல்லை. பேட்டி கொடுத்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அழுத்தினாள். முதலில் இருமல்தான் வந்தது. நுரையீரலில் கரி படிந்தவர்களின் நீண்ட இருமல். பிறகு அப்பா பேசினார்: "நான் அப்ப சின்னப் பையன். ஸ்டிரைக் பண்ணோம்னு கம்பெனி ஆளுங்க வந்து, அவங்க குடுத்த வீட்டுலருந்து எங்க சாமானெல்லாம் ரோட்டுல போட்டாங்க. அடுப்பையும் விடல. பீன்ஸ் வெந்துக்கிட்டு இருந்த பானையோட தூக்கி வெச்சாங்க." மறுபடி இருமல்.

ஒஹாயோவில் இருந்த தம்பி லானியைக் கூப்பிட்டாள்.

"அப்பாவா? நெசமாவா? போன்கிட்ட வை, வை."

கொஞ்ச நேரம் கேட்டான். "நிறுத்துக்கா. அந்த இருமலை என்னால கேக்க முடியல."

அவளாலும் முடியவில்லை. வகுப்பில் பிள்ளைகள் சிரித்துவிடுவார்களோ என்றும் பயம். பதிவைக் கணினியில் இறக்கி, இருமலை ஒவ்வொன்றாக வெட்டினாள். வெட்டியதை அதே கோப்பின் மேல் சேமித்தாள். மூலம்தான் தளத்தில் இருக்கிறதே.

வகுப்பில் அப்பா தடங்கலில்லாமல் பேசினார்.

"மிஸ், உங்கப்பா ரேடியோல நியூஸ் வாசிக்கிறவரு மாதிரி இருக்காரு!" என்றாள் ஒருத்தி. ரொவீனாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பின்வரிசையில் டால்டன் கை தூக்கினான். "இவரு நெசமாவே சுரங்கத்துல வேலை செஞ்சாரா மிஸ்? எங்க தாத்தாவுக்கு காப்பி வேணும்னு சொல்றதுக்கே மூணு தடவ மூச்சு வாங்கும்."

"உங்க தாத்தா நடிக்கிறாருடா," என்றான் முன்வரிசைப் பையன் ஒருவன்.

"நீ வந்து அவரு ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிப் பாரு, அப்பறம் பேசு."

"செஞ்சாருப்பா," என்றாள் ரொவீனா. "இருமலை நாந்தான் வெட்டிட்டேன்."

"ஏன் மிஸ்?"

அவள் மூலத்தையே போட்டுவிடலாம் என்று தளத்தைத் திறந்தாள். பக்கம் இல்லை என்று திரையில் வந்தது. மறுபடி திறந்தாள். அதேதான்.

கல்லூரிக்குப் போன் செய்தாள். "அந்தத் திட்டத்துக்குப் பணம் நின்னுபோச்சு மேடம். எல்லாத்தையும் எடுத்துட்டாங்க," என்றது ஒரு இளம் குரல். "டேப்பெல்லாம்... யாரைக் கேக்கணும்னு எனக்கே தெரியல."

மறுநாள் அதே பதிவை மறுபடியும் போட்டாள். வெட்டிய இடங்கள் அவளுக்குத் தெரியும். அங்கே ஒரு சொல்லின் வால் அறுந்திருக்கும். முதல் இடத்தில், அங்கே இருந்த இருமலுக்கு இடம் விட்டுப் பதிவை நிறுத்தினாள்.

யாரும் சிரிக்கவில்லை. வெளியே கரி லாரி ஒன்று மேட்டில் ஏறும் சத்தம். மீண்டும் ஓடவிட விரலைக் கொண்டுபோனாள்.

"இன்னும் முடியல மிஸ்," என்றான் டால்டன். "இன்னும் கொஞ்சம் ஆகும்."

விரலை எடுத்துக்கொண்டாள்.