ஓடக்கரைப் பாட்டு

தகரக் கொட்டகையின் பின்கட்டில் உட்கார்ந்து செவந்தி வேஷத்துக்குப் பூசும் முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெயில் குழைத்துக்கொண்டிருந்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. அதற்குள் வெளியே கூட்டம் கீற்று வேலியை முட்டிக்கொண்டு நின்றது. அன்னவாசலிலிருந்தும் ஆவூரிலிருந்தும் வந்த மாட்டு வண்டிகள் புதுக்கோட்டைக் கடைத்தெரு வரைக்கும் அவிழ்த்துவிட்டுக் கிடந்தன. எல்லாம் வீரசேகர் என்ற சினிமா நடிகரைப் பார்க்க வந்த சனம்.

செவந்திக்கு அவர் வீரசேகர் இல்லை, வீரய்யா அண்ணன். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் இதே ஊரில் 'முத்துக்கொடி கலியாண'த்தில் அவர் ராஜபார்ட், அவள் முத்துக்கொடி. ஒரே கட்டுச்சோற்றைப் பிரித்துத் தின்றவர்கள். பிறகு அவர் மெட்ராசுக்கு ரயிலேறினார். கம்பெனி கலைந்தது. அவள் கடலை மில்லுக்குப் போனாள். மில்லுக்குள் கடலைத் தோல் பறந்து பறந்து தொண்டையில் படியும். சாயங்காலம் வாய் கொப்பளித்தால் தண்ணீர் சிவப்பாக விழும். தோலின் சிவப்புத்தான் என்று தெரியும். ஆனாலும் பார்க்கும்போதெல்லாம் பயமாக இருக்கும்.

இரண்டு மூன்று படங்கள் சுருண்டுகொண்டதும் வீரசேகருக்குப் பழைய நாடகத்தின் மேல் பாசம் பொங்கிவிட்டது. காண்ட்ராக்டர் நாகராசு அதை எடுத்து நடத்துகிறார். முத்துக்கொடியாக ஆட லலிதாமணி என்ற சினிமாப் பெண்ணையே கூட்டி வந்திருந்தார்கள். செவந்திக்குத் தோழி வேஷம். முத்துக்கொடி பாட வேண்டிய ஓடக்கரைப் பாட்டு லலிதாமணிக்கு வசப்படவில்லை என்று அதை மட்டும் தோழியின் பக்கம் தள்ளியிருந்தார்கள். இன்றைக்கு நல்லபடியாக நடந்தால் அறந்தாங்கி தொடங்கிப் பங்குனி முடிய ஊர் ஊராக ஆட்டம் இருக்கிறது, நீயும் வரலாம் என்று நாகராசு சொல்லியிருந்தார். இனி மில்லுக்குப் போக வேண்டாம். அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் அது ஒன்றுதான்.

படுதா ஏறி, ராஜ உடையில் வீரசேகர் வந்து நின்றதும் கொட்டகை யார் கைக்கும் அடங்கவில்லை. நாற்காலிக்காரர்கள் நாற்காலி மேல் ஏறி நின்றார்கள். பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது மறைக்கிறது என்று கத்திவிட்டு, தாங்களும் ஏறிக்கொண்டார்கள். பாயை விரித்துக் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த பெண்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். ஒருவன் மேடை விளிம்பில் சூடத்தைக் கொளுத்தினான். இன்னொருவன் ஓடிவந்து காலில் விழுந்தான். அவனை நாலு பேர் அலாக்காகத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீரசேகர் பாடிய முதல் பாட்டு ஒரு காதிலும் விழவில்லை, அதைப் பற்றி ஒருவருக்கும் குறையும் இல்லை. சினிமா வசனம் பேசச் சொல்லிக் கூவினார்கள். வேட்டைக்கு வந்த ராஜாவும் வில்லைக் கீழே வைத்துவிட்டு ஒரு வசனம் பேசினார்.

பக்கத் தட்டியின் மறைவிலிருந்து செவந்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடைக்குப் போகுமுன் பயத்தில், பூசப்போன திருநீற்றைச் சட்டையெல்லாம் கொட்டிக்கொண்ட வீரய்யாதானா இது என்று இருந்தது. பொறாமை துளியும் இல்லை என்றால் பொய். ஆனால் பெருமைதான் கூடுதலாக இருந்தது. கண்ணில் நீர் வந்து பூசின மை கலைந்தது.

ஓடக்கரைக் காட்சி வந்தது. வேட்டையாடிக் களைத்த ராஜா ஆற்றங்கரையில் படுத்து உறங்குகிறார். தோழி விளக்கோடு வந்து ஓடக்காரனைக் கூப்பிட்டுப் பாடுகிறாள். பாட்டு முடிந்த பிறகுதான் ராஜா கண் விழிக்க வேண்டும். ஆர்மோனியக்காரர் அபுபக்கர் சுருதி கொடுத்தார். அவரும் பழைய கம்பெனி ஆள்தான். செவந்தி உள்ளே நுழைந்து முதல் அடியை எடுத்தாள். நாற்காலிப் பக்கம் சோடா உடைக்கிற சத்தமும் பேச்சுமாக இருந்தது. இரண்டாவது அடியில் தரைக் கூட்டத்திலிருந்து ஒரு கிழவி எழுந்து நின்றாள்.

"அடியே, இது நம்ம செவந்தி கொரலுடி."

பாய்களில் ஒரு சலசலப்பு ஓடி அப்படியே அடங்கியது. அதற்குப் பிறகு சோடாக்காரனும் உடைக்கவில்லை. பாட்டு முடிந்ததும் தரையிலிருந்து கிளம்பிய "ஒன்ஸ்மோர்" தகரத்தில் மோதித் திரும்பியது.

ஒன்ஸ்மோர் என்றால் பாட்டை மட்டும் திருப்பிப் பாடுவது அந்த மேடையில் வழக்கமில்லை. தட்டிக்குப் பின்னால் போய், முதலில் வந்தது போலவே வந்து, முழுக் காட்சியையும் ஆடிக் காட்ட வேண்டும். சபை கேட்டு மறுத்தால் சபைக்கு அவமரியாதை. செவந்தி திரும்பிப் போய் விளக்கோடு வந்தாள். விழிக்கப் போன ராஜா மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டாம் முறை முடிந்ததும் நாற்காலிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். நாகராசு தட்டிக்குப் பின்னாலிருந்து போதும் போதும் என்று கையை ஆட்டினார். செவந்தி அதைப் பார்த்தாள். பார்த்தும் மறுபடி விளக்கோடு போனாள். இத்தனை வருஷம் தூசிக்குள் அடைந்து கிடந்த தொண்டை இப்படித் திறக்கிறதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மூன்றாம் தடவை பெண்கள் கூடவே பாடினார்கள். பழைய ஆட்டத்தில் கேட்டதை ஒரு சொல் விடாமல் வைத்திருந்தார்கள். தாலாட்டாகப் பாடியிருப்பார்களோ என்னவோ. நாலாம் தடவையும் கேட்டார்கள், நாலாம் தடவையும் பாடினாள். மெட்ராசிலிருந்து வந்த வீரசேகர் அவ்வளவு நேரமும் ஒருக்களித்து, முகத்தைக் கையில் புதைத்து, மரக்கட்டையாய்க் கிடந்தார். அவர் அங்கே படுத்திருப்பதே ஒருவருக்கும் நினைவில்லை. செவந்திக்கும் இல்லை.

ஆட்டம் முடிந்து உள்ளே வந்த வீரசேகர் சிரித்துக்கொண்டேதான் வந்தார்.

"ஒந் தொண்டை அப்புடியே இருக்கு செவந்தி. எனக்குத்தான் இடுப்பு போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அண்ணன் இன்னும் பழைய அண்ணன்தான் என்று மனம் நிறைந்து போயிற்று.

மறுநாள் காலை டிரங்குப் பெட்டியோடு, எல்லாரும் தங்கியிருந்த சத்திரத்து வாசலுக்குப் போனாள். கம்பெனி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. வீரசேகரைப் பார்க்கக் காத்திருந்த கூட்டம் அவளைக் கண்டதும் வழி விட்டது. இரண்டு ஆட்கள், நீங்க தூக்கக் கூடாது என்று பெட்டியைப் பிடுங்கி, பஸ்ஸுக்கு மேலே ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். நேற்று எழுந்து நின்ற கிழவியும் அங்கேதான் இருந்தாள். முனியாயி என்று பெயர், சித்தன்னவாசல்காரி. செவந்தியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நல்லா இரு ஆத்தா. ஊரு ஊராப் போயிப் பாடு."

நாகராசு வந்து அவளை ஓரமாகக் கூப்பிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். வீரசேகருக்குக் கோபமெல்லாம் இல்லையாம். பாட்டு அருமை என்றாராம். அவ்வளவு நல்ல பாட்டைத் தோழி பாடினால் எடுபடாது, முத்துக்கொடியே பாடட்டும் என்றாராம்.

"ராசா இனிமே படுத்துக்கெடக்க மாட்டாரு. உக்காந்து கேக்குற மாதிரி மாத்தியாச்சு. தோழி வேசமே இல்ல, செவந்தி."

"நா அண்ணங்கிட்ட ஒரு வார்த்த பேசிக்கிறேங்க."

"வேணாம். அவரே சங்கடப்பட்டுத்தான் என்னய சொல்லச் சொன்னாரு."

செவந்தி நின்ற இடத்திலேயே நின்றாள். நாலு தரம் பாடாமல், ஒரு தரத்தோடு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போயிருக்கலாம். ஆனால் அத்தனை சனம் கேட்கும்போது எப்படிப் போவது? அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

வீரசேகர் வெளியே வந்தார். கூட்டம் ஒரே பாய்ச்சலாக அவர் காரை மொய்த்தது. பெட்டியைக் கட்டிய இருவரும் அந்தப் பக்கம் ஓடிவிட்டார்கள். கிளீனர் பையன் மேலே ஏறிக் கயிற்றை அவிழ்த்துப் பெட்டியை இறக்கினான். பிடிக்க ஆள் இல்லை. அது புழுதியில் விழுந்து மூலை நசுங்கியது. செவந்தி அதை நிமிர்த்தி வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தாள். காருக்குப் பின்னால் ஓடிய முனியாயி மூச்சு வாங்கத் திரும்பி வந்து, நீ ஏன் ஆத்தா இன்னும் ஏறலை என்று கேட்டாள். செவந்தி அவளுக்கு உட்கார இடம் விட்டு நகர்ந்தாள்.

பஸ்ஸின் உள்ளே அபுபக்கர் ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓடக்கரைப் பாட்டின் முதல் அடியை வாசித்தார். ஜன்னல் பக்கம் அவர் திரும்பவேயில்லை. பக்கத்தில் இருந்த லலிதாமணி அதைப் பிடித்துப் பாடினாள். இரண்டாம் அடியில் குரல் வழுக்கியது. பஸ் உறுமிக்கொண்டு அறந்தாங்கிச் சாலையில் திரும்பும்போது, அவள் முதலிலிருந்து பாடத் தொடங்கினாள்.