எளிது என்று எழுதிய ஏற்றம்

என் வீட்டுக்காரர் எழுதிய சைக்கிள் பயணப் புத்தகத்தில் பன்னிரண்டு மலை ஏற்றங்கள் இருக்கின்றன. பன்னிரண்டுக்கும் நேராக ‘எளிது’ என்று போட்டிருக்கிறார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அவருக்கு அவை எளிதாகத்தான் இருந்தன, ஏனென்றால் பின்சீட்டில் நான் இருந்தேன்.

எங்களுடையது இருவர் மிதிக்கிற சைக்கிள். ஒரே சட்டத்தில் இரண்டு சீட்டு, இரண்டு ஜோடி பெடல். ஹேண்டில்பார், பிரேக், கியர் எல்லாம் முன்னால் உட்காருகிறவர் கையில். பின்னால் இருக்கிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி உண்டு, அது எந்தப் பக்கமும் திரும்பாது. முன் பெடலும் பின் பெடலும் செயினால் கட்டுண்டவை, ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றியே தீரும். யார் அழுத்தி மிதிக்கிறார், யார் காலைச் சும்மா வைத்துக்கொண்டு வருகிறார் என்று வெளியில் நின்று பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. பதினொரு வருடமாக நான் கண்ட இயற்கைக் காட்சியில் பெரும்பகுதி அவருடைய முதுகு. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் காடு, நடுவில் வியர்வையில் ஒட்டிப்போன ஒரு நீலச் சட்டை.

நான் தையல்காரி. கடையில் இருப்பது காலால் மிதிக்கிற மெஷின். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் மிதித்துப் பழகிய கால் இது. அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறவர். அவர் காலுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது, ஆடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

ஆனால் குறிப்பு எடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. லென்ஸின் பவர் கால் பாயிண்ட் தப்பினாலும் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது, அதே புத்திதான் ரோட்டிலும். எந்த மைல்கல்லுக்கு அப்புறம் குழாய், எந்தத் திருப்பத்தில் நிழல், எந்தப் பாலத்தில் பலகை பெயர்ந்திருக்கிறது என்று எல்லாம் நோட்டில் ஏறிவிடும். கடைசியாக ஏற்றத்தின் தலையில் நின்று, மூச்சை ஒருமுறை இழுத்து விட்டு, “ஒண்ணுமே தெரியல, இல்ல?” என்று என்னைக் கேட்பார். எனக்குப் பதில் சொல்ல மூச்சு இருக்காது. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ‘எளிது’ என்று எழுதிவிடுவார்.

போன மாதம் பதிப்பகத்து அம்மா எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். ஸ்டேஷனரிக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை, நாற்காலியில் எல்லாம் புத்தகக் கட்டு. ஒரு கட்டை நகர்த்தி எங்களை உட்காரவைத்துவிட்டு, ஒரு கோப்பைத் திறந்தார். உள்ளே வாசகர் கடிதங்கள்.

“நீங்க எளிதுன்னு போட்ட இடத்துல ஒருத்தர் வாந்தி எடுத்திருக்கார் சார்.”

“கிளம்பும்போது என்ன சாப்பிட்டாராம்?” என்றார் இவர்.

“இன்னொருத்தர், வண்டி என்னைச் சுமக்கல, நான்தான் வண்டியைச் சுமந்தேன்னு எழுதியிருக்கார். புதுசா கல்யாணம் ஆன ஜோடி ஒண்ணு உங்க நாலாவது பாதையில சண்டை போட்டு, ஆளுக்கொரு பஸ்ல வீட்டுக்குப் போயிருக்காங்க.”

“ஏத்தத்துக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்? இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குக் காலுல வலுவே இல்ல.”

அந்த அம்மா கோப்பை மூடிவிட்டார். மறுபதிப்பு மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது, பன்னிரண்டு ஏற்றத்தையும் இன்னொரு முறை ஏறிப் பார்த்துச் சரியாகப் போட்டுத் தரவேண்டும், இல்லையென்றால் கையில் கருவி கட்டிக்கொண்டு அளக்கிற தம்பி ஒருவர் இருக்கிறார், புத்தகத்தை அவரிடம் ஒப்படைத்துவிடுவேன் என்று தெளிவாகச் சொன்னார். குரல் உயரவே இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

உண்மையை அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். என் வாய் பொதுவாகப் பூட்டிக் கிடக்கிற வாய் இல்லை. ஆனால் அந்தப் புத்தகத்தை அவர் எப்படி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். கடையில் கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் எழுத்துப் பலகையைப் படிப்பதற்கு முன்னால் அதன் அட்டையைப் படித்தாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் என்றால் கடைசியில் வந்த மனுஷன். அம்பது வயதுக்கு மேல் ‘ஏத்தம்னா எனக்கு ஒரு பொருட்டே இல்ல’ என்று சொல்லக் கிடைத்த சந்தோஷம் சின்னதா? நான் வாயைத் திறந்தால் புத்தகம் பிழைக்கும், மனுஷன் நொறுங்கிப்போவார். திறக்காவிட்டால் புத்தகமே போய்விடும். எனக்கு இரண்டும் வேண்டும்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவர் அந்தத் தம்பியின் கருவியைத் திட்டிக்கொண்டே வந்தார். நான் தலையாட்டிக்கொண்டே ஒரு வழி யோசித்தேன். ஏற்றத்தில் நான் மிதிக்காமல் இருந்துவிட்டால்? காலைப் பெடலில் சும்மா வைத்துக்கொண்டால் போதும், தானாகச் சுற்றும். மலை கஷ்டம் என்று மலையே அவரிடம் சொல்லிக்கொள்ளட்டும், நான் எதற்கு நடுவில்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலாவது பாதைக்குப் போனோம். படகுத்துறையில் ஆரம்பித்து, கடலோரமாகவே கொஞ்ச தூரம் போய், பிறகு காட்டுக்குள் திரும்பி மேலே ஏறுகிற ரோடு. நாலு கிலோமீட்டர், ஒன்பது வளைவு. சமதளம் முழுக்க ஒழுங்காக மிதித்தேன். காட்டு ரோடு நிமிர ஆரம்பித்ததும் காலைத் தளர விட்டேன்.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. அவர் தோள் ஒரு கணம் நின்றது. பிறகு கியரைக் குறைத்துக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தார். முதல் வளைவிலேயே நின்றுவிடும் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். நிற்கவில்லை. நடக்கிறவர் எங்களை முந்திவிடலாம், அப்படி ஒரு வேகம். ஆனாலும் போய்க்கொண்டே இருந்தது.

மூன்றாவது வளைவில் காலை ஊன்றி நிறுத்தினார்.

“தண்ணி குடிச்சிக்கோ.”

“எனக்கு வேணாம். நீங்க குடிங்க.”

மனுஷனுக்கு மூச்சு வாங்குகிறது, அதை மறைக்க என் தாகத்தைத் துணைக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் பின்னால் உட்கார்ந்து சிரித்தேன். ஆறாவது வளைவில் மறுபடியும் நிறுத்தினார். “இங்கேருந்து கடல் எவ்வளவு அழகாத் தெரியுது பாரு. இறங்கி நின்னு பாக்கறியா?” என்றார். அந்த இடத்தில் மரம் அடர்ந்து பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. கடல் இருக்கிறது என்பதற்குச் சத்தம்கூட இல்லை. “அழகாத்தான் இருக்கு, போலாம்” என்றேன். சிரிப்பை அடக்கியதில் எனக்குப் புரை ஏறிவிட்டது.

எட்டாவது வளைவில் சிரிப்பு போய்விட்டது. சட்டையில் காய்ந்த இடமே இல்லை. காதுக்குப் பின்னால் நரம்பு புடைத்துத் தெரிந்தது. ஒரு மிதி மிதித்துவிடலாமா என்று கால் துடித்தது. புத்தகம் புத்தகம் என்று சொல்லிக் காலை அடக்கினேன்.

மேலே ஒரு கைப்பிடிச் சுவர், ஒரு கல் பெஞ்சு, ஒரு தண்ணீர்க் குழாய். அங்கிருந்து கடல் உண்மையாகவே தெரியும். வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். வியர்வையில் பாட்டில் மூடி வழுக்கியது. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். குடித்துவிட்டு நோட்டை வெளியே எடுத்தார். ‘கடினம்’ என்று எழுதப்போகிறார், வேலை முடிந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நோட்டைத் திறக்கவே இல்லை.

“எத்தன நாளா?” என்றார்.

“எது எத்தன நாளா?”

“உன் காலு. ஏத்தம் ஆரம்பிச்சதுமே தெரிஞ்சுபோச்சு. மெஷினை மிதிச்சு மிதிச்சு முட்டி போயிடுச்சு, அப்படித்தான? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

நான் குனிந்து என் முட்டியைப் பார்த்தேன்.

“ரெண்டு தடவ நிறுத்திப் பாத்தேன். நீ இறங்கவே மாட்டேன்னுட்ட. நேரா கேட்டா உனக்குச் சங்கடமா இருக்கும்னு விட்டுட்டேன்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நாளைக்கே அந்த அம்மாவுக்குப் போன் பண்றேன். புத்தகத்த அந்தத் தம்பிகிட்டயே கொடுத்துடட்டும். நமக்கு இனிமே ஏத்தம் வேணாம். கீழ கடலோர ரோடு சமமாத்தான இருக்கு. அது போதும் நமக்கு.”

கண் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அட்டையைக் காட்டுகிற புத்தகம். அதை ஏதோ பழைய பேப்பரைப் போடுவதுபோல என் முட்டிக்காகப் போட்டுவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. பதினொரு வருடமாக அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தவள், அதற்கு முன்பக்கம் இப்படி ஒரு ஆள் இருப்பதை அன்றைக்குக் கொஞ்சம் மறந்துபோயிருந்தேன்.

“என் முட்டிக்கு ஒண்ணும் ஆகல” என்றேன். “நான் வேணும்னேதான் மிதிக்கல.”

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

“மூணாவது வளைவுல?”

“மிதிக்கல.”

“அந்த எட்டாவது வளைவுலயுமா?”

“அங்கயும்தான். காலைச் சும்மா வெச்சிருந்தேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. எழுந்து போய்ச் சுவருக்கு மேலே எட்டி, வந்த ரோட்டை ஒருமுறை கீழே வரைக்கும் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“அப்போ, உன்னையும் சேத்து நான் ஒருத்தனே ஏத்திட்டேனா?”

“ஆமா.”

“வண்டி மட்டும் இருபது கிலோ. நீ ஒரு...”

“என் கணக்கு இப்ப எதுக்கு?”

வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய மூக்கை உடைக்கக் கூட்டிவந்தேன், அவரோ இன்னும் ஒரு முழம் உயர்ந்து உட்கார்ந்திருக்கிறார். என் தலையெழுத்து. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். கணக்குப் போடத் தெரிந்த மனுஷன்தானே.

“எதுக்காக மிதிக்காம இருந்த?”

“அந்த லெட்டர் எழுதினவங்களுக்காக. அவங்கல்லாம் ஆளுக்கொரு சைக்கிள்ல போறவங்க. அவங்களுக்குப் பின்னால யாரும் இல்ல.”

அவர் பாட்டிலை மூடி ஓரமாக வைத்தார். பிறகு நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். பன்னிரண்டு பாதைக்கும் பன்னிரண்டு பக்கம். ஒவ்வொன்றாகக் கேட்டார். சவுக்குத் தோப்புப் பாதை எப்படி, கழிமுகத்துக்குப் பின்னால் ஏறுகிற ரோடு எப்படி, மழை நாளில் போனோமே அது எப்படி என்று. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக ஏற்றத்தைப் பற்றி என்னைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். நானும் ஒளிக்காமல் சொன்னேன். தொடை எரிந்த இடம், கண் இருட்டிய இடம், இவரைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டால் என்ன என்று தோன்றிய இடம். ‘எளிது’ ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்ததுபோல நேராக அடித்துவிட்டு, பக்கத்தில் ‘கடினம்’ என்று எழுதினார். ஒரே ஒரு இடத்தில் ‘மிகக் கடினம்’.

பன்னிரண்டாவதை எழுதி முடித்ததும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். முகத்தில் இருந்த பெருமை எல்லாம் வடிந்திருந்தது.

“அப்போ இத்தன வருஷமா நீதான் ஏறியிருக்க. நான் சும்மா முன்னால உக்காந்து வந்திருக்கேன்.”

காலையில் அவர் இப்படிக் கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். கொஞ்சம் இரக்கத்தோடு சொல்லியிருப்பேன், ஆனாலும் சொல்லியிருப்பேன். ஏனென்றால் அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். பின்னால் நான் மட்டும்தான் மிதிக்கிறேன், முன்னால் ஒருவர் குறிப்பு எடுத்துக்கொண்டு வருகிறார் என்று ஊரில் பாதிப் பேரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியும் இருக்கிறேன்.

“நானும் அப்படித்தாங்க நெனச்சிட்டிருந்தேன்” என்றேன். “நான் காலை எடுத்தா வண்டி அங்கேயே நின்னுடும்னு.”

அவர் என்னைப் பார்த்தார்.

“ஆனா நிக்கல. ஒன்பது வளைவும் ஏறிடுச்சு.”