நீர்மாலைக் குடம்

குடம் இடுப்பில் ஏறியதும் கொட்டுச் சத்தம் கூடியது. இறந்துபோன அப்பாவைக் குளிப்பாட்டப் பம்புசெட்டில் நீர்மாலைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு சுகன்யா வீட்டுக்குத் திரும்பினாள். தலைக்கு மேல் நால்வர் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்திருந்தார்கள். வீடு சேரும்வரை குடம் மண்ணில் படக் கூடாது.

நூல்மில் லைன்வீடுகளின் முக்கில் சபிதா நின்றிருந்தாள். ஒடிசாவிலிருந்து மில் வேலைக்கு வந்தவள். ஊருக்குப் போய் இப்போதுதான் திரும்பியிருந்தாள். தோளில் மகன் துவண்டு கிடந்தான். துக்கத்தைக் கண்டதும் சுவரோடு ஒதுங்கினாள்.

பையன் நடுங்குவதைப் பார்த்து சுகன்யா நின்றுவிட்டாள். காய்ச்சல் பிள்ளைகளுக்கு ரத்தம் பார்த்து மலேரியா மாத்திரை கொடுக்க அந்த ஊருக்குச் சுகாதாரப் பணியாளராக அவள்தான் இருந்தாள்.

"எப்பருந்து?"

"நேத்து. குலுங்குது அக்கா. நீங்க… அப்பா… அப்புறம் வாரேன்."

"அப்புறம்லாம் வேணாம். இப்பவே பாத்துருவோம்." கணவன் பக்கம் திரும்பினாள். "அப்பா வண்டியில மருந்துப் பெட்டி இருக்கு. எடுத்துட்டு வாங்க."

அப்பாவின் தங்கை ஜக்கம்மாள் பாய்ந்து வந்தாள். "ஏண்டி, ஒனக்குக் கிறுக்கா? எங்கண்ணன் அங்க குளிக்காமக் கெடக்கான்."

"அப்பா காத்திருப்பாரு அத்த. இதப் பிடிங்க."

வீடு வீடாக அவளை மொபெட்டில் கூட்டிப்போனவர் அவர். எவ்வளவு நேரமானாலும் வாசலில் வண்டிமேலேயே உட்கார்ந்திருப்பார்.

அத்தை குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பெட்டி வந்தது. விரல் நுனியில் ஒரு குத்து. சோதனை அட்டையில் ஒரு சொட்டு ரத்தம். கோடு தெரிய நேரமாகும். கொட்டு நின்றது. யாரோ பீடி பற்ற வைத்தார்கள்.

"வெரசாப் பாருடி. எங்கண்ணனுக்கு முன்னாடி என் இடுப்பு போயிரும் போல."

இரண்டாவது கோடு சிவந்தது. மலேரியாதான். சுகன்யா பையனின் வயதுக்கான மாத்திரையைக் கரண்டியில் வைத்து நசுக்கினாள். கரைக்கத் தண்ணீர் இல்லை. நிமிர்ந்தாள்.

அத்தை அதற்குள் குடத்தைச் சாய்த்திருந்தாள். "எடுத்துக்க. அவன் என்ன, கோவிச்சுக்கவா போறான்?"

கரண்டி நிறைந்தது. ஆனால் சோர்ந்த கையில் குடம் மேலும் சரிந்து, பாதித் தண்ணீர் தார் ரோட்டில் ஓடியது. பையன் முகம் சுளித்து விழுங்கினான்.

"வாந்தி எடுத்தா மறுபடி குடுக்கணும். எங்கூடவே வா," என்றாள் சபிதாவிடம். "நாளைக்கும் நானே வந்து குடுப்பேன்."

குடம் மறுபடி இடுப்பில் ஏறியது. கடைசி ஆளாகச் சபிதாவும் நடந்தாள்.

அப்பாவைக் குளிப்பாட்டும்போது வாசலில், மொபெட் நிழலில், பையன் தாய் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். வாந்தி எடுக்கவில்லை.

தண்ணீர் முழங்காலோடு தீர்ந்துவிட்டது. வலது குதிகாலில், மொபெட்டை உதைத்து உதைத்துப் படிந்த கரி அப்படியே இருந்தது.

"இன்னொரு குடம்…" என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

அத்தை குனிந்து, புது வேட்டியை அந்தக் கால்மேல் இழுத்துவிட்டாள்.