மூடிக்கு அடியில் பொரி

சிவக்குமாருக்கு அந்தப் பிளாஸ்டிக் மூடியைப் பற்றி எந்தக் கருத்தும் கிடையாது. கருத்து வைத்துக்கொள்ளத் தெம்பு வேண்டும். திருப்புலிவனத்துக்கும் ஒரகடத்துக்குமாகத் தன் காரில் கம்பெனி ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கி இடுப்பு விட்டுப்போன மனிதனுக்குத் தூக்கத்தைத் தவிர வேறெதிலும் கொள்கை இருக்க முடியாது. ஆனால் பானெட்டைத் திறந்ததும் எஞ்சினுக்கு மேலே கறுப்பாக, பேர் பொறித்த பலகை மாதிரி ஒன்று தெரியுமே, அதைப் பற்றி அவனைச் சுற்றியிருந்த எல்லோருக்கும் கருத்து இருந்தது.

பிடித்து வைத்திருந்த ரப்பர்கள் கிழிந்து மூடி கடகடவென்று ஆட ஆரம்பித்தபோது, மெக்கானிக் சேட்டு அதைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டான்.

“கார் செஞ்சவன் சும்மா ஷோவுக்கு வெச்சிக்கீறான் நைனா. உள்ள கீற அசிங்கம் தெரியக் கூடாதுன்னு. தூக்கிப் பரண்ல போடு.”

மனைவி ரேணுகாவின் தம்பி அரவிந்தன் ஒப்புக்கொள்ளவில்லை. மெக்கானிக்கல் படித்துவிட்டு உத்திரமேரூரில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறவன். படிப்பைப் பயன்படுத்த அவனுக்குக் கிடைத்த ஒரே இடம் மாமாவின் கார்.

“அடியில பஞ்சு ஒட்டிக்கீது பாரு மாமா. அது சவுண்டைக் குடிச்சிடும். மாட்டிப் பாரு, சத்தமே கேக்காது.”

“எஞ்சின் சத்தத்தை யார்ரா கேட்டது? எனக்குப் பின்சீட்டுக் கொறட்டை தான் கேக்குது.”

விவகாரத்தை முடித்து வைத்தது டிராவல்ஸ் ஆபீஸ். திங்கட்கிழமை வாலாஜாபாத்தில் வண்டி இன்ஸ்பெக்‌ஷன். தேறினால் ஒரகடம் டிரிப் அவனுக்கே. தேறாவிட்டால் அது வேறு வண்டிக்குப் போய்விடும். சிவக்குமார் பழையபடி கல்யாணச் சவாரிக்கு வாய் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சூப்பர்வைசர் ஹரிஹரசுதன் பானெட்டைத் தூக்கிப் பார்ப்பார், மூடி இல்லாத வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று மற்ற டிரைவர்கள் சொன்னார்கள். சிவக்குமார் பரணிலிருந்து மூடியை இறக்கி, மூலைக்கு மூலை ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கினான். இனி வெட்டினால்தான் வரும்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. காரைக் கழுவி, பம்பரில் வாழைக்கன்று கட்டி, பானெட்டைத் திறந்து வைத்தார்கள். கார் கொட்டாவி விடுவதைப் போல இருந்தது. அவனுக்கும் வந்தது. ரேணுகா மூடியின் மேல் இலை போட்டுப் பொரி, கடலை, வெல்லம் எல்லாம் வைத்தாள்.

“இதுக்குன்னே செஞ்ச மாதிரி கீதுங்க. போன வருசம் எல வெக்க எடமில்லாம பேட்டரி மேல வெச்சேன்.”

அந்த மூடியால் ஒரு மனிதர் நேரடியாகப் பயனடைந்தது அதுவே முதல் முறை.

கற்பூரம் காட்டி முடித்து இலையை எடுக்கும்போது அது சாய்ந்தது. பாதிப் பொரி மூடியின் விளிம்பு வழியாக உள்ளே இறங்கிக் காணாமல் போனது. டையை வெட்டலாம் என்று சிவக்குமார் கட்டிங் பிளேயரைத் தேடினான். அது சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு, ஸ்பேனர்களோடு சரஸ்வதி படத்துக்கு முன்னால் படுத்திருந்தது.

“பூஜையில வெச்சதை யாராவது எடுப்பாங்களா? காலையில மறுபூஜை ஆவட்டும்,” என்றாள் ரேணுகா.

“உள்ள பொரி கீதுடி.”

“சாமிக்குப் படைச்சது தானே. எங்க போவுது?”

கருவிகளுக்கு லீவு, தனக்கு மட்டும் ஏன் இல்லை என்று நினைத்தபடி போய்ப் படுத்தான். மறுநாள் மறுபூஜை ஆகி பிளேயர் எழுந்துவிட்டது, அவன் எழவில்லை. கம்பெனிக்கும் தொடர்ந்து விடுமுறை. அறுத்த கழனி ஓரத்தில் கார் சும்மாவே நின்றது. பொரியை அவன் மறந்துவிட்டான்.

திங்கட்கிழமை ஹரிஹரசுதன் பானெட்டைத் தூக்கினார். மூடியின் மேல் ஒரு விரலை இழுத்து, விரலைப் பார்த்தார்.

“எஞ்சினை நல்லா மெயின்டெய்ன் பண்ணிக்கினு கீறே.”

“ஆமா சார்.”

“சில பேரு தொடைக்கிறதே இல்ல, பேஜாரு.”

கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டினார். மறுநாள் காலை ஷிப்டிலிருந்து டிரிப் தொடரலாம்.

திரும்பும் வழியில் ஓர் ஏரிக்கரை ஓரம் கார் இருமியது, உதறியது, நின்றது. சாவியை எத்தனை திருப்பியும் பிடிக்கவில்லை. சிவக்குமார் போன் போட்டான். சேட்டு மொபெட்டில் வந்தான். தன் கட்சிக்காகப் பேச அரவிந்தனும் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தான்.

சேட்டு டைகளை வெட்டி மூடியைத் தூக்கினான். அடியில் ஒட்டியிருந்த பஞ்சு மெத்தையாகப் பிய்க்கப்பட்டிருந்தது. மெத்தையில், மிச்சப் பொரிக்கு நடுவே, கண் திறக்காத எலிக்குஞ்சுகள். பக்கத்திலேயே கடிபட்ட ஒயர்.

சேட்டு மூடியைத் தலைகீழாகப் பிடித்து மூவருக்கும் காட்டினான்.

“இத்தால ஒரு பிரயோஜனமும் இல்லன்னு அப்பவே சொன்னேன்,” என்றான் சேட்டு.

“இன்னா இல்ல? ஒரு குடும்பமே கீது,” என்றான் அரவிந்தன்.

“நீ சொன்னதும் சரி தான்டா,” என்றான் சிவக்குமார். “மாட்டினேன். இப்ப சத்தமே கேக்கல.”

சேட்டு ஒயரைச் சேர்த்து டேப் சுற்றினான். அரவிந்தன் குஞ்சுகளை மெத்தையோடு அள்ளி வரப்பில் விட்டுவிட்டு வந்தான். சாவியைத் திருப்பியதும் எஞ்சின், எதுவுமே நடக்காத மாதிரி ஓடியது. காலை டிரிப்புக்குப் பழுதில்லை. சேட்டு மூடியைப் பின்சீட்டில் எறியப் போனான்.

“மேலயே வெச்சிக் கட்டு.”

“இன்னா நைனா, இன்னுமா?”

“ஆறு மாசம் கழிச்சி சூப்பர்வைசர் மறுபடியும் பார்ப்பாரு. அவருக்கு இது தான் எஞ்சின்.”

“கட்டுறதுக்கு டை இல்லயே.”

பம்பரில் வாழைக்கன்று வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. சிவக்குமார் குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அதைக் கட்டியிருந்த சணலை அவிழ்த்தான். மூடியை வைத்து அவனே கட்டினான். உருவினால் கையோடு வந்துவிடும்படி, இந்த முறை சுருக்கு முடிச்சு.