இரண்டு பல் தடம்

சிவகாசியில் ஜெயச்சந்திரன் தன் லேபிள் அச்சகத்தில் பூனை வளர்த்தது ஆசைக்கு அல்ல. பசை வாடைக்கு எலிகள் வரும். வந்தால் பட்டாசுப் பெட்டிகளுக்கு அச்சடித்து வைத்த லேபிள் கட்டுகளை ஓரம் ஓரமாகத் தின்று தீர்த்துவிடும். அதனால் மூன்று வருஷமாக ஒரு சாம்பல் நிறப் பூனை அங்கே இருந்தது. காகித அறையிலேயே இரண்டு முறை குட்டி போட்டிருந்தது. யார் மேலும் நகம்கூடப் பட்டதில்லை.

1958-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, அந்தப் பூனை ஜெயச்சந்திரனின் மனைவி சொர்ணலட்சுமியைக் கடித்தது.

தீபாவளி சீசன் என்பதால் மூன்று கம்பெனிகளின் ஆர்டர் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. லேபிள்களை எண்ணி, நூறு நூறாகக் கட்டுவது சொர்ணலட்சுமியின் பொறுப்பு. சணல் எடுக்க அலமாரியின் அடித்தட்டுக்குள் வலது கையை விட்டாள். உள்ளே இருட்டில் பதுங்கியிருந்த பூனை சீறவும் இல்லை, உறுமவும் இல்லை. நேராக ஆள்காட்டி விரலைக் கவ்வியது. அவள் கையை இழுத்தபோது பூனையும் விரலோடு தொங்கிக்கொண்டு வெளியே வந்தது. உதறிய பிறகுதான் விட்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த ஜெயச்சந்திரன் விரலைப் பார்த்தான். நடு மூட்டுக்குப் பக்கத்தில் ஊசி குத்தியதுபோல இரண்டு புள்ளிகள். இரண்டு சொட்டு ரத்தம்கூட வரவில்லை.

“இம்புட்டுத்தானா? நான் என்னமோ மிஷின்ல கை மாட்டிக்கிருச்சோன்னு பயந்துட்டேன்” என்றான். பிறகு லோடு ஏற்றிக்கொண்டிருந்த பெத்தணனைக் கூப்பிட்டு, “அந்தச் சனியனைச் சாக்குல பிடிச்சுக் கட்டு. லாரி வெம்பக்கோட்டை வழியாத்தானே போவுது, கண்மாய்ப் பக்கம் அவுத்து விட்ரு” என்று சொன்னான்.

சொர்ணலட்சுமி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி, துணி சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். அன்று சாயங்காலம் விரல் விண்விண்ணென்று தெறித்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் துணியை அவிழ்த்தபோது வெண்டைக்காய் மாதிரி இருந்த விரல் கத்தரிக்காய் மாதிரி ஆகியிருந்தது. பளபளவென்று வீங்கி, பாதி மடங்கி நின்றது. நிமிர்த்தப் பார்த்தாள், உயிர் போவதுபோல வலித்தது. உள்ளங்கையும் கனத்துக் கிடந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் கையைத் திருப்பினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி, சிவப்பு மையால் கோடு இழுத்ததுபோல ஒரு தடம் ஓடியது.

“பாத்தீகளா இதை?” என்று கணவனிடம் காட்டினாள்.

“மத்தியானம் லோடு போகட்டும். நானே வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போறேன்.”

அவள் ஒரு துண்டுப் பென்சிலை எடுத்து அந்தக் கோடு முடிந்த இடத்தில் அடையாளம் வைத்தாள். காப்பி குடித்தாள், தலை வாரினாள். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது சிவப்பு அந்த அடையாளத்தைத் தாண்டி இரண்டு விரற்கடை மேலே போயிருந்தது. காய்ச்சலில் உடம்பு லேசாக நடுங்கவும் தொடங்கியது.

“லோடு நிக்கும். இது நிக்காது” என்று சொல்லிவிட்டுத் தனியாகவே கிளம்பினாள்.

பஜாரை ஒட்டி வைத்தியம் பார்த்த டாக்டர் லட்சுமிகாந்தம் ஐம்பது வயதுப் பெண்மணி. பட்டென்று பேசுவார். கையைப் பார்த்ததும் வரிசையில் இருந்தவர்களை விட்டுவிட்டு இவளை உள்ளே அழைத்துப் படுக்க வைத்தார். அக்குளில் அழுத்திப் பார்த்தார். அங்கே நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி திரண்டிருந்தது.

“எப்ப கடிச்சுது?”

“நேத்துக் காலையில.”

“சோப்புப் போட்டுக் கழுவினீங்களா?”

“இல்லை டாக்டர். சுண்ணாம்பு வச்சேன். ரத்தமே வரலையே, இதுல என்ன இருக்குன்னு…”

“அதுதான் மோசம். நாய் கடிச்சா சதை கிழியும், ஜனங்க பயந்து ஓடி வருவாங்க. பூனைப் பல்லு ஊசி மாதிரி. அழுக்கை உள்ளே ஆழத்துல விட்டுட்டு வந்துடும், மேல்தோல் மூடிக்கும். மூட்டுக்குள்ளே போயிட்டா விரலே போயிடும். கடிச்ச உடனே கால் மணி நேரம் சோப்பும் ஓடுற தண்ணியும்தான் முதல் வைத்தியம். சுண்ணாம்பை அதுமேல அப்பினா மூடி போட்ட மாதிரி.”

விரலை மரக்க வைத்துக் கீறினார். சீழ் பீறிட்டது. கழுவினார். தையல் போடாமல் திறந்தபடியே விட்டுக் கட்டினார். பெனிசிலின் ஒரு ஊசி, ரணஜன்னி என்கிற டெட்டனஸ் வராமலிருக்க ஒரு ஊசி. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த சொர்ணலட்சுமி, இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே, “பூனை எங்கே?” என்று கேட்டார்.

“தொலைவுல கொண்டு விட்டாச்சு.”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். “நீங்க அதைச் சீண்டினீங்களா?”

“இல்லை. மூணு வருஷமாத் தெரியும் என்னை. ரெண்டு நாளாச் சோறும் தின்னலை, இருட்டுல ஒதுங்கியே கெடந்துச்சு.”

“நாய்க்கு வர்ற வெறி பூனைக்கும் வரும். வந்துதுன்னு நான் சொல்லலை. ஆனா பூனை கையில இருந்தா பத்து நாள் அடைச்சு வச்சுப் பார்க்கலாம். பத்து நாளும் நல்லாத் தின்னுட்டுத் திரிஞ்சா பயமில்லை. இப்போ அது இல்லை. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தேடுங்க. கிடைக்கலைன்னா வியாழக்கிழமையே விருதுநகர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில வயித்துல பதினாலு ஊசி. தினம் ஒண்ணு.”

“போடாம விட்டா?”

“வராமலே போகலாம். ஆனா அந்த நோய் வந்துட்டா அப்புறம் என்கிட்ட மருந்து இல்லை. யார்கிட்டயும் இல்லை.”

புதன்கிழமை காலை அடுத்த பெனிசிலின் ஊசியைப் போட்டுக்கொண்டு, கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கவிட்டபடி, சொர்ணலட்சுமி பெத்தணனோடு வெம்பக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். பெத்தணன் விஸ்வநத்தத்துக்காரன், முப்பது வயது இருக்கும். வழியெல்லாம் அவன் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தான். சாக்கை அவிழ்த்த இடத்தைக் காட்டினான். கரை ஓரமாகக் கருவேலங்காட்டில் நடந்தார்கள். மிளகாய்த் தோட்டத்தில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டார்கள். ஒருத்தி பார்த்தேன் என்றாள், இன்னொருத்தி அது முயல் என்றாள். வெயில் உச்சிக்கு வந்தபோது சொர்ணலட்சுமிக்குக் கண் இருட்டியது. அப்படியும் கீழ்க்கரை மடை வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். பூனை இல்லை.

அன்று சாயங்காலம் அச்சகத்து வாசலில் ஜெயச்சந்திரன் ஒரு பிரம்புக் கூடையை வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே சாம்பல் நிறப் பூனை ஒன்று தயிர்ச் சோறு தின்றுகொண்டிருந்தது.

“தானாவே திரும்பி வந்துருச்சு, சொர்ணம். பாரு, எம்புட்டு நல்லாத் திங்குது. ஊசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

பக்கத்தில் நின்ற பெத்தணன் கூடைக்குள் எட்டிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. “ஆமாக்கா, இதேதான்! சத்தியமா இதேதான். இருக்கன்குடி ஆத்தாதான் திருப்பிக் கொண்டாந்து விட்டுருக்கா!” என்றான். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

சொர்ணலட்சுமி இடது கையால் கூடையின் மூடியைத் திறந்தாள். பூனையின் பிடரியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். திரும்ப உள்ளே விட்டாள்.

“நம்ம பூனை குட்டி போட்ட பூனை. இது கடுவன்.”

ஜெயச்சந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். “திருத்தங்கல்ல ஒரு வீட்டுல வாங்கிட்டு வந்தேன்” என்று மெல்லச் சொன்னான். “வயித்துல பதினாலு ஊசின்னு சொல்லுதாக. ஏற்கனவே கையைக் கீறி வச்சுருக்கு. நீ நிம்மதியா இருக்கட்டும்னுதான்…”

“என் நிம்மதிக்கா? பத்து நாள் இதைப் பாத்துக்கிட்டு நான் சும்மா இருந்திருப்பேன். அப்புறம் எனக்கு வந்திருந்தா?”

அவளுக்கு அவன் மேல் வந்த கோபம் பெரிதுதான். ஆனால் அதைவிட வேறொன்று அவளை உறுத்தியது. அவள் பெத்தணன் பக்கம் திரும்பினாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

“அவுக பொய் சொன்னதுக்குக் காரணம் தெரியுது. நீ ஏன்ப்பா இம்புட்டுச் சந்தோசப்பட்டே?”

“சும்மாதான்க்கா. உங்களுக்கு நல்லதாச்சேன்னு.”

“கையைக் காட்டு.”

அவன் இடது முன்கையில் துண்டைச் சுற்றியிருந்தான். லோடு ஏற்றுகிறவர்கள் அப்படிச் சுற்றுவது வழக்கம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. அவன் பின்னால் நகர்ந்தான். சொர்ணலட்சுமி ஒரு கையாலேயே துண்டைப் பிடித்து உருவினாள். முழங்கைக்குச் சற்றுக் கீழே, கன்றிச் சிவந்த தோலில், அதே மாதிரி இரண்டு புள்ளிகள்.

“சாக்குல அமுக்கும்போது பட்டுருச்சு” என்றான் பெத்தணன். “வீட்டுல சொல்லலை. அவ மாசமா இருக்கா. வேலை போயிருமோன்னு பயமா இருந்துச்சு. நாய்க்கடி வந்த ஆளை நான் பாத்துருக்கேன்க்கா, எங்க சித்தப்பா. தண்ணியைக் காட்டினா அலறுவாரு. ரெண்டு நாளா நான் தண்ணி குடிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்குதான்னு பாத்துக்கிட்டே குடிக்கேன்.”

“ஏலே, பயந்தவன் வாயைத் தொறந்து சொல்ல வேண்டாமா?” என்று ஜெயச்சந்திரன் கத்தினான்.

“சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீக? இன்னொரு பூனை வாங்கிட்டு வந்திருப்பீக” என்றாள் சொர்ணலட்சுமி. “குழாயடிக்கு வா, பெத்தணா. மூணு நாள் ஆனாலும் பரவாயில்லை, முதல்ல கழுவு. அப்புறம் டாக்டரம்மாகிட்டப் போவோம். நாளைக்குக் காலையில ஏழரை பஸ்ஸுல ரெண்டு பேரும் விருதுநகர் போறோம்.”

போனார்கள். தொப்புளைச் சுற்றி, ஒரு நாளைக்கு ஒரு இடமாக ஊசி. முதல் மூன்று நாள் பெரிதாகத் தெரியவில்லை. நான்காம் நாளிலிருந்து வயிறு கல்லுகட்டிப் போனது. சேலைக் கொசுவத்தை இறுக்கிச் செருக முடியவில்லை. பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் இருவரும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்குவார்கள். சிவகாசிக்குத் திரும்பியதும் அவள் டாக்டர் லட்சுமிகாந்தத்திடம் போய் விரலைக் கழுவிக் கட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். சிவப்புக் கோடு மெல்ல மெல்ல இறங்கி, ஐந்தாம் நாள் மறைந்தது. காய்ச்சலும் விட்டது.

ஏழாம் நாள் காலை பெத்தணன் பஸ் நிறுத்தத்துக்கு வரவில்லை.

அவள் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு, விஸ்வநத்தத்துக்கு வண்டி பிடித்துப் போனாள். வீட்டுக்குள் பாயில் சுருண்டு கிடந்தான். அவன் மனைவி கருப்பம்மாள் வாசலில் திகைத்து நின்றாள். அவளுக்கு இதுவரை எதுவுமே தெரியாது. புருஷன் தினமும் வெளியூர் லோடுக்குப் போகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஒண்ணும் வராதுக்கா” என்று உள்ளேயிருந்து சொன்னான். “ஆறு போட்டாச்சு. வலி தாங்கலை. இனிமே விட்ருங்க.”

சொர்ணலட்சுமி கருப்பம்மாளிடம் நடந்ததை முழுவதும் சொன்னாள். பூனை, சாக்கு, சித்தப்பா, ஊசி, ஒன்றையும் மறைக்கவில்லை. கருப்பம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள். அழவில்லை. உள்ளே போனாள். கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் புருஷன் மேல் போட்டாள்.

“எந்திரிங்க. என் பிள்ளைக்கு அப்பன் வேணும். இன்னும் எட்டுத்தானே, நானும் வாரேன்.”

அன்று மூன்று பேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒன்பதாம் நாள் ஜெயச்சந்திரனும் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றான். அச்சகத்தை யாரிடம் விட்டுவிட்டு வந்தான் என்று சொர்ணலட்சுமி கேட்கவில்லை. வரும்போது அவள் வயிற்றில் கை வைக்காமல் படி இறங்க முடியாததைப் பார்த்து அவன் கையைக் கொடுத்தான். அவள் பிடித்துக்கொண்டாள்.

“அந்தக் கடுவனைக் கொண்டாந்தது தப்பு, சொர்ணம்.”

“தப்புத்தான்” என்றாள் அவள்.

பதினான்கு ஊசியும் முடிந்தன. இருவருக்கும் ஒன்றும் வரவில்லை. அந்தப் பூனைக்கு வெறி இருந்ததா, வெறும் காய்ச்சலா, எதையாவது கண்டு பயந்திருந்ததா என்பது கடைசி வரைக்கும் தெரியவில்லை. கருப்பம்மாளுக்குத் தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. சொர்ணலட்சுமியின் ஆள்காட்டி விரல் பிழைத்தது. ஆனால் நடு மூட்டு முழுவதும் மடங்கவில்லை. லேபிள் எண்ணுவதை இடது கைக்குப் பழக்கிக்கொண்டாள். இரண்டு மாதத்தில் பழைய வேகம் வந்துவிட்டது.

மறு வருஷம் பங்குனியில் லேபிள் ஒட்டுகிற மாரித்தாய் வேலை நேரத்தில் ஓடிவந்தாள். வீட்டுப் பூனையின் வாயில் சிக்கிய மீன்முள்ளை எடுத்துவிடப் போய்க் கட்டைவிரலில் கடி வாங்கியிருந்தாள்.

“ரத்தமே வரலைக்கா. மாமியா காப்பித்தூள் வைக்கச் சொன்னா. நான் உங்ககிட்டக் காட்டிட்டு வைப்போம்னு வந்தேன்.”

சொர்ணலட்சுமி கையிலிருந்த லேபிள் கட்டைக் கீழே வைத்தாள். மாரித்தாயைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். சோப்பைத் தேய்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணி நேரம் கணக்கு வைத்துக்கொண்டாள்.

“பூனை வீட்டுலதானே இருக்கு?”

“ஆமாக்கா. மாமியா அதை அடிச்சுக் கொல்லணும்னு கம்பை எடுத்துக்கிட்டு நிக்கா.”

“பெத்தணா!” என்று சொர்ணலட்சுமி உரக்கக் கூப்பிட்டாள். “இவ வீட்டுக்கு ஓடு. அந்தப் பூனையை யாரும் தொடக்கூடாது. கையில தடிச் சாக்கைச் சுத்திக்கிட்டுப் பிடிச்சு, கூண்டுல அடைச்சுச் சோறு வை. பத்து நாளைக்கு அது உயிரோட இருக்கணும்.”

பெத்தணன் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவள் மாரித்தாயின் விரலை இன்னொரு முறை தண்ணீரில் திருப்பிப் பிடித்தாள்.